வாத்து ஊதல் செய்யப் பழகுகிறேன்: ஒன்று ஒட்டிக்கொள்கிறது, ஒன்று கீச்சென்கிறது, எங்கே தப்பு?

புதுக்கடைசல் (கொடுங்கையூர்)

எல்லாருக்கும் வணக்கம். டக் கால்னு சொல்ற, வாத்து மாதிரி கத்துற ஊதல், ஒத்தை நாக்கு (காத்துல அதிர்ற மெல்லிய தகடு) வகை, கையால செய்யப் பழகுறேன். கடைசல் மெஷின்ல கட்டில் கால், பூரிக்கட்டை வரைக்கும் கை ஓடும். ஊதல் மட்டும் பிடிபடல.

கையில இருக்கிறது: ஒன்றரை இன்ச் சதுர வேங்கைத் துண்டு நாலு, ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்), பாட்டில் கார்க். ரெண்டு ஊதல் முடிச்சாச்சு. முதலாவது ரெண்டு ஊது ஊதினதும் நாக்கு, அது வந்து அடிக்கிற மரப் பலகையோட ஒட்டிக்கிட்டு ஊமையாயிடுது. ரெண்டாவது மெதுவா ஊதினா காத்து மட்டும் போகுது, அழுத்தி ஊதினா ரயில் பிரேக் மாதிரி கீச்சுனு கத்துது. துளை என்ன சைஸ், நாக்கு எதுல வெட்டணும், பலகையோட வளைவு எவ்வளவு? மூணையும் கொஞ்சம் அளவோட சொல்லுங்க.

வியாசை_லேத்

தம்பி, முதல்ல கட்டை வேலை. நூல் கணக்குலயே சொல்றேன், எட்டு நூல் ஒரு இன்ச்.

குழல் மூன்றரை இன்ச் நீளம். நடுத்துளை அஞ்சு நூல், இந்தப் பக்கம் ஆரம்பிச்சு அந்தப் பக்கம் வரைக்கும். துளையை முதல்ல போடு, வெளிப்பக்கம் கடையறது அப்புறம். தலைகீழா செஞ்சா டிரில் பிட்டு மர ரேகை பிடிச்சு ஓடும், ஒரு பக்கம் சுவர் தடிமனா, மறுபக்கம் வெத்தல மாதிரி நிக்கும். ஸ்பீடைக் குறை. அரை இன்ச்சுக்கு ஒரு தடவை பிட்டை வெளிய இழுத்து தூளைத் தட்டு. தூள் அடைச்சா சூடேறும், சூடேறினா வேங்கை உள்ளுக்குள்ள முடி மாதிரி வெடிக்கும். அது பாலிஷ் போட்டப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும், அப்ப அழுது பிரயோஜனம் இல்ல.

அப்புறம் ஒரு வேஸ்ட் கட்டையை அஞ்சு நூல் தடிமனுக்குக் கடைஞ்சு, குழலை அது மேல ஏத்தி வெளிப்பக்கம் கடை. லூஸா இருந்தா ஒரு சுத்து பேப்பர் சுத்திக்கோ.

குழலுக்குள்ள சொருகற கட்டைதான் செருகு, அதுவும் மூன்றரை இன்ச். அதுல ஒரு இன்ச் வெளியில தெரியற தலை, ரெண்டரை இன்ச் குழலுக்குள்ள போற தண்டு. தண்டும் அஞ்சு நூல்தான், ஆனா அடிப்பக்கம் ஒரு மயிரிழை கூடுதலா விடு, திருகித் தள்ளினா இறுகணும். தண்டோட அடியில அரை இன்ச் முழு உருண்டையா இருக்கும், அதுதான் காத்தை அடைக்கிற இடம். மீதி ரெண்டு இன்ச்சுலதான் நாக்குப் பலகை.

செருகுக்கு காத்து ஓட்டை ரெண்டரை நூல், எட்டு மில்லி பிட்டு போதும். தலைப் பக்கத்துலேருந்து துளைக்கணும், ஆனா மறுமுனையை உடைச்சிட்டு வெளிய வரக் கூடாது. கட்டை 89 மில்லின்னா 85-ல நிறுத்து. பிட்டுல டேப் ஒட்டி குறி வெச்சுக்கோ, அளவை பிட்டோட கூர்முனையிலேருந்து எடு. நுனியில நிக்கிற அந்த நாலு மில்லி மரம்தான் நாக்கு வந்து அடிக்கிற இடம். அது ஓட்டையாப் போச்சுன்னா அந்தச் செருகு அடுப்புக்குத்தான்.

ஆப்புக்காரர்

முதல் ஊதல் ஏன் ஊமையாகிறது என்பதற்கு விடை ஓ.எச்.பி. ஷீட்டிலேயே இருக்கிறது. அது ஏறத்தாழ 100 மைக்ரான். வாத்து ஊதலுக்கு வழக்கமான நாக்கு 10 தௌ (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 250 மைக்ரான். கடினமாக ஊதும் வகைக்கு 14 தௌ, சுமார் 350. நாக்கின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 250-க்குப் பதில் 100 போட்டால் விறைப்பு பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. மூச்சின் ஈரத்தில் பலகையோடு படிந்த பிறகு அதனால் தானே எழுந்து வர முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

சரியான தாளுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டாம். மோட்டார் வைண்டிங் கடைகளில் ஸ்லாட் இன்சுலேஷனுக்கு வைத்திருக்கும் மைலார் பேப்பர் இதே பாலியெஸ்டர்தான். பால் வெள்ளை நிறம், 125, 190, 250, 350 என்று பல தடிமனில் வரும். தண்டையார்பேட்டை, மூலக்கடை, பிராட்வே பக்கம் எந்த வைண்டிங் கடையிலும் கேட்டுப் பாருங்கள். எடைக்குத் தருவார்கள், ஒரு முழத் துண்டில் நூறு நாக்குக்கு மேல் வெட்டலாம். ‘லெதராய்டு’ கொடுத்தால் வாங்காதீர்கள். அது அழுத்திய காகித வகை, எச்சில் பட்டால் ஊறிவிடும். நடுவில் மைலார், இருபுறமும் பஞ்சுபோன்ற தாள் ஒட்டிய மூன்றடுக்குத் தாளும் ஆகாது.

மைக்ரோமீட்டர் இல்லையென்றால் பத்துத் துண்டுகளை அடுக்கி வெர்னியரில் பிடியுங்கள். 2.5 மி.மீ. காட்டினால் அது 250 மைக்ரான். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் 175 மைக்ரான் அளவில் இருக்கும். வெட்டிப் பழக அது நல்லது, கடைசி நாக்காக வைக்க மெலிவு.

வெட்டும் அளவு: அகலம் 10 மி.மீ., நீளம் 55. கத்தரிக்கோல் வேண்டாம், விளிம்பைச் சுருட்டிவிடும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுங்கள். பிறகு நகத்தை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக, மறுபக்கம் நகம் மாட்டுகிற மாதிரி இருக்கும். மாட்டுவது பிசிறு. 600 நம்பர் வாட்டர் பேப்பரில் ஒரு இழுப்பு இழுத்து எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை மேலே வையுங்கள். பலகையைத் தொடும் பக்கத்தில் பிசிறு இருந்தால் நாக்கு உட்காரவே உட்காராது. ரோலில் இருந்து வந்த தாளுக்குப் பிறவியிலேயே ஒரு சுருள் இருக்கும். அந்தச் சுருளின் நுனி பலகையை விட்டு விலகி மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

சுதிப்பெட்டி (திருவொற்றியூர்)

பூவரச இலையைச் சுருட்டி பீப்பி ஊதாத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. அதில் இரண்டு உதடு ஒன்றோடொன்று அடிக்கும், நாயனச் சீவாளியும் அப்படியே. வாத்து ஊதலில் ஒரே நாக்கு, ஒரு பலகைமேல் அடிக்கிறது. மகுடிக்குள் இருக்கிற நாணல் நாக்குதான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம்.

சுருதி கணக்கு எளிது. நாக்கு எவ்வளவு நீளம் விடுதலையாக ஆடுகிறதோ, அதன் வர்க்கத்துக்கு எதிர்மாறாக சுருதி போகும். 40 மில்லி ஆடும் நாக்கை 38 ஆக்கினால் சுருதி சுமார் 11 சதவீதம் ஏறும், முழுச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வளைந்த பலகையில் நாக்கு உருண்டு படிவதால் கணக்கு அட்சர சுத்தமாக வராது, ஆனால் அரை மில்லி வெட்டினாலே காதுக்குத் தெரியும் என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

ஆர்மோனிய நாக்கை எப்படிச் சுரண்டுகிறோமோ அதே விதி இங்கேயும்: நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஆனால் மைலாரைச் சுரண்டாதீர்கள். பித்தளை தாங்கும், மைலார் மேடுபள்ளமாகிவிடும். நுனியை வெட்டுவது, நுனி மூலைகளைச் சாய்ப்பது, இரண்டோடு நிறுத்துங்கள்.

புதுக்கடைசல்

வைண்டிங் கடையில 250 மைலார் கிடைச்சிடுச்சு, 350-ம் ஒரு துண்டு வாங்கினேன். பலகை எப்படி வெட்டணும்? இணையத்துல ஜிக்னு ஒண்ணு (செருகைப் பிடிச்சு வெட்டுக்கு வழி காட்டுற அச்சு) போட்டு வெட்டுறாங்க. அதோட விலையைப் பார்த்தா கடைசல் மெஷினையே இன்னொண்ணு வாங்கிடலாம் போல.

ஆப்புக்காரர்

ஜிக் இல்லாமல் செய்யலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பலகை என்ன செய்கிறது என்பது கைக்குப் புரியும். முதல் ஐந்தாறு செருகு குப்பைக்குப் போகும் என்று மனதில் வைத்துக்கொண்டு விலை குறைந்த மரத்தில் தொடங்குங்கள்.

தண்டின் பக்கவாட்டில் நடுக்கோடு போடுங்கள். அதற்கு அரை மில்லி மேலே, நுனியிலிருந்து இரண்டு அங்குலம் வரை மெல்லிய பற்கள் உள்ள ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, முடிவில் குறுக்கே ஒரு வெட்டு. மேல்பாதி கழன்று வரும். உள்ளே எட்டு மில்லி அகலத்தில் அரைவட்டப் பள்ளம் திறந்திருக்கும், நுனியில் மட்டும் மூடியிருக்கும். பத்து மில்லி நாக்கை அதன்மேல் வைத்தால் இரண்டு கரையிலும் ஒரு மில்லி படிய வேண்டும். ஒரு கரையில் ஒன்றரையும் மறு கரையில் அரையும் வந்தால் ஓட்டை நடுவில் இல்லை என்று பொருள். அந்தச் செருகோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

குறுக்கு வெட்டின் சுவரை ஊசி அரத்தால் லேசாக உள்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். நாக்கின் வால் அங்கே படுக்கும், அதன்மேல் நாக்கை இறுக்கும் கார்க் ஆப்பு ஏறும். கடைசி எட்டு மில்லி ஆப்புக்கான இடம். அந்த எட்டு மில்லியும் அதற்கு முன்னால் ஒரு பத்து மில்லியும் தட்டையாகவே இருக்கட்டும். வளைவு அதற்கப்புறம்தான் தொடங்க வேண்டும்.

வளைவை அரத்தால் போடாதீர்கள். தடித்த கண்ணாடித் துண்டில் 320 வாட்டர் பேப்பரை ஒட்டிக்கொள்ளுங்கள். பலகையின் குறுக்கே அரை செ.மீ. இடைவெளியில் பென்சில் கோடுகள் போடுங்கள். செருகைக் கவிழ்த்து, அடியிலிருந்து நுனிப் பக்கமாக ஒரே திசையில் இழுங்கள், இழுக்கும்போதே கை மெல்ல நுனியை அழுத்தி உருட்ட வேண்டும். ஐந்து இழுப்புக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நுனிக் கோடு முதலில் அழிய வேண்டும், பிறகு அதற்கு அடுத்தது, பிறகு அதற்கு அடுத்தது. நடுக்கோடு முதலில் அழிந்தால் பலகையில் குழி விழுகிறது. ஒரு கோட்டின் இடப்பக்கம் அழிந்து வலப்பக்கம் மட்டும் கறுப்பாக நின்றால் பலகை முறுக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் இரண்டாவது ஊதலின் கீச்சுக்கு இந்த முறுக்கு காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நாக்கு ஒரு கரையில் முன்னும் மறு கரையில் பின்னும் படிந்தால் ஒழுங்காக அடிக்காது, மேல் சுருதிக்குத் தாவிக் கத்தும்.

வளைவின் ஆழத்தை அறிய, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைப் பலகையின் தட்டைப் பகுதியில் அழுத்தி ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் கத்தி முனைபோலத் தொடங்கி நுனியில் ஒன்றரை மில்லி வரை விரிய வேண்டும். நடுவில் எங்காவது வெளிச்சம் துண்டுபட்டால் அங்கே ஒரு திட்டு நிற்கிறது. ஒன்றரை என்பது ஆரம்ப அளவு. மரத்தை எடுக்க முடியும், திருப்பி ஒட்ட முடியாது, அதனால் ஒன்றேகாலில் நிறுத்தி ஊதிப் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

கடைசியாக 600 காகிதத்தில் நாலு இழுப்பு. பள்ளத்தின் இரண்டு கரைகளிலும் நிற்கும் மர நார்களைக் கூர்கத்தியால் வழித்துவிடுங்கள். ஒரு நார் தூக்கிக்கொண்டிருந்தாலும் வண்டு முரல்கிற மாதிரி ஒரு இரைச்சல் கூடவே வரும்.

வியாசை_லேத்

ஆப்பைப் பத்தி பேர்லயே வெச்சிருக்கறவர் விட்டுட்டாரு, நான் சொல்றேன். கார்க்கை எட்டு மில்லி நீளம், பத்து மில்லி அகலம் வெட்டு. உயரம், குழலுக்குள்ள செருகைத் தள்ளினா ஆப்போட தலை உள்சுவர்ல லேசா உரசற அளவு. மேல சுவர் அழுத்தும், கீழ நாக்கை அது அழுத்தும். உயரம் பத்தலைன்னா நாலு ஊதுக்கு நாக்கு மெல்ல நழுவும், சுருதி இறங்கிக்கிட்டே போகும். உனக்கு ‘பலகை கெட்டுப்போச்சு’ன்னு தோணும், காகிதத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சிடுவ. நாக்கோட வால்ல பேனாவால ஒரு கோடு போட்டு வெச்சுக்கோ, கோடு நகர்ந்தா ஆப்புதான் கோளாறு. அதிகமா இறுக்கினாலும் தப்பு, நாக்கு நடுவுல குழிஞ்சு முன்பக்கம் தூக்கிக்கும்.

பாட்டில் கார்க்குல தூள் கார்க்கை அமுக்கி ஒட்டினது வேணாம், ஈரத்துல பொடிப்பொடியா உதிரும். முழு கார்க் பாரு. இல்லாட்டி அடர்த்தியான ரப்பர் செருப்பு அட்டை கூட வேலை செய்யும். ஊர்ல எல்லா ஆப்பும் கெட்ட ஆப்பு இல்ல தம்பி.

தோதகத்தி

வேங்கையில் செய்தால் வேங்கைச் சத்தம்தான் வரும். நல்ல ஊதலுக்கு ஈட்டி, கருங்காலி மாதிரி இறுகிய மரம் வேண்டும். மரம் சரியில்லாமல் பலகையைத் தேய்த்து என்ன பயன்?

ஆப்புக்காரர்

இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து பெக்கினில் பி. எஸ். ஓல்ட் செய்து, இன்றும் தேடி வாங்கப்படுகிற டி-2 ஊதல் மரமே இல்லை, கெட்டி ரப்பர். நம் ஊரில் கைப்பேனா கடையும் எபோனைட்தான் அது. இப்போது அங்கே போட்டிகளில் ஊதுவதில் பெரும்பகுதி அக்ரிலிக். சத்தத்தின் முக்கால் பங்கு பலகையிலும் நாக்கிலும் இருக்கிறது, மீதியில் பாதி ஊதுகிறவர் வயிற்றில்.

மரத்தால் ஆகும் வேலை வேறு: விளிம்பு நிற்க வேண்டும், மரம் ஈரத்தில் உப்பக் கூடாது. அந்த வகையில் செருகுக்கு இறுகிய மரம் தேவை என்பது சரிதான். குழலுக்கு எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

வியாசை_லேத்

ஈட்டி வேணும்னா பழைய கட்டில், நாற்காலி உடைசலைப் பாருங்க. ஈட்டியைக் காப்பாத்த தமிழ்நாட்டுல 1994-லயே தனிச் சட்டம் போட்டாங்க, 2017-லேருந்து அந்த இன மரம் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுல இருக்கு. பில் இல்லாத துண்டை யாராவது மலிவா நீட்டினா கையைக் கட்டிக்கிட்டு வந்துடுங்க. வால்டாக்ஸ் ரோடு, செங்குன்றம் ரோடு மர டிப்போல தேக்கு, வேங்கை, வாகை துண்டு எடைக்குக் கிடைக்கும். செருகுக்கு என் ஓட்டு புளி இல்லாட்டி கருவேலம். ரெண்டும் உளியை மழுக்கும், ஆனா கரை கத்தி மாதிரி நிக்கும். தேக்குல எண்ணெய்ப் பசை இருக்கு, ஈரத்துக்கு அசையாது, ஆனா ரேகை திறந்த மரம், பள்ளத்தோட கரை பிய்யும். ஈட்டி, வேங்கைத் தூள் மூக்குல ஏறினா தும்மல், தோல்ல பட்டா அரிப்பு. முகமூடி போட்டுக்கிட்டு கடைங்க.

எண்ணூர்க்கழி

செய்வதற்கு முன் எந்தச் சத்தம் வேண்டும் என்று காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த ஊதல் பிறந்தது மல்லார்ட் என்ற வாத்தின் பெட்டைக் குரலுக்காக. ‘குவாக்’ என்று உரக்கக் கத்துவது பெட்டைதான், ஆணின் குரல் தேய்ந்த கரகரப்பு. நம் நீர்நிலைகளில் அதற்கு நெருங்கிய உறவு புள்ளி மூக்கு வாத்து, அதன் பெட்டையும் கிட்டத்தட்ட அப்படியே கத்தும். சிறவி, அதாவது சீழ்க்கைச் சிறவி, பேரிலேயே சொல்கிறது: அது விசிலடிக்கும். அதன் குரலை நாக்கு ஊதலில் தேடினால் கிடைக்காது.

பாடம் கேட்க வீட்டு வாத்து போதும். மஸ்கோவி தவிர்த்த வீட்டு வாத்துகள் எல்லாம் மல்லார்ட் வழி வந்தவை. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வரும்போது ஓரமாக நின்று ஒலிப்பதிவு செய்யுங்கள். மஸ்கோவி சீறும், கத்தாது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒவ்வொரு ‘குவாக்’கின் முடிவு. தொடக்கம் கொழகொழவென்று இருந்தாலும் முடிவு வெட்டினாற்போல இருக்கும். புதிதாக ஊதுகிறவர்கள் ‘வாஆஆ’ என்று இழுத்து விட்டுவிடுகிறார்கள், அது ஆட்டுக்குட்டி.

இன்னொன்று. பழவேற்காடு, எண்ணூர் கழிமுகம், மாதவரம் ஏரி, புழல் பக்கம் போய்க் காட்டு வாத்தைக் கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் அல்ல, பிடிப்பது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, அதற்கு முயல்வதுகூட வேட்டைதான். வலசை வந்து இளைத்துக் கிடக்கிற பறவையை வீணாகக் கிளப்பிவிடுவதும் அதற்குச் செய்யும் கெடுதல்.

நெறியாளர்

எண்ணூர்க்கழி சொன்னதே இந்த இழையின் விதி. ஏரிகளில் ஊதிய காணொளி போட்டால் நீக்கப்படும். லைன் வீட்டில் இருப்பவர்கள் ஊதலின் வெளிமுனையில் பழைய சாக்ஸைத் திணித்துப் பழகுங்கள். அக்கம்பக்கம் புண்ணியமாகப் போகும்.

சுதிப்பெட்டி

ஊதும் முறையையும் சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் நல்ல பலகையையும் பழி சொல்வோம். கன்னத்தை உப்பி ஊதுவது பலூனுக்கு. இதற்கு அடிவயிற்றிலிருந்து, குளிரில் கண்ணாடிமேல் ‘ஹா’ என்று ஊதுவோமே, அந்தச் சூடான காற்று. ‘ஹவக்’ என்று சொல்லிப் பாருங்கள், கடைசி ‘க்’கில் தொண்டை காற்றை அறுக்கிறது பாருங்கள், அதுதான் முடிவு. இரை பொறுக்கும்போது வாத்து போடுகிற விடாத கலகலப்புக்கு ‘தக தக தக தக’. நாக்கால் காற்றை வெட்டி ஊதும் நாயனக்காரர்களின் துத்துகாரம் கைவந்தவர்களுக்கு இது இரண்டு நாள் வேலை.

சோதனைக்கு ஒரு வழி: மிக மெதுவாகத் தொடங்கி, நிறுத்தாமல் உச்சம்வரை ஏற்றுங்கள். நல்ல பலகையில் அடித்தொண்டை முனகலில் தொடங்கி, நடுவில் கரகரப்பாகி, மேலே கூர்மையாக மணி போல நிற்கும், உடையாமல். எந்த இடத்தில் உடைகிறது என்பதில்தான் நோய் தெரியும்.

புதுக்கடைசல்

புதுசா மூணு செருகு வெட்டினேன், புளியில. பென்சில் கோடு போட்டுத் தேய்ச்சது நல்லா வந்தது. நாக்கு 250. இப்ப நிலைமை:
முதலாவது: சத்தம் வருது, ஆனா தடிச்ச குரல், எருமை மாதிரி.
ரெண்டாவது: மெதுவா ஊதினா அருமை, பலமா ஊதினா டப்புனு அடைச்சிக்குது.
மூணாவது: ஊதவே ரொம்ப மூச்சு வேணும், பாதி காத்து, பாதி சத்தம்.

ஆப்புக்காரர்

மூன்றும் மூன்று வேறு இடம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கட்டைத் தலையில் பென்சிலால் எழுதுங்கள்.

எருமைக் குரலுக்குக் காரணம் நாக்கு நீளமாக இருப்பது. முனையில் அரை மில்லி வெட்டுங்கள், ஊதுங்கள், மறுபடி அரை மில்லி. அதிகம் போனால் மூன்று வெட்டுக்குள் குரல் திறக்கும். நாக்கின் நுனி பலகை நுனிக்கு உள்ளே வரலாம், ஆனால் அந்த நாலு மில்லி திண்மத்தைத் தாண்டிப் பள்ளத்துக்குள் வந்துவிடக் கூடாது, வந்தால் காற்று அடைபடாது. அந்த எல்லைக்குக் கிட்டே வந்தும் குரல் தடியாகவே இருந்தால், முன்மூலைகள் இரண்டையும் ஒரு மில்லிக்குச் சாய்த்து வெட்டுங்கள். நுனியின் எடை குறையும், சுருதி கொஞ்சம் ஏறும், நாக்கும் சுறுசுறுப்பாகும். இரண்டு மூலையும் ஒரே அளவு, அதில் சமரசம் கிடையாது.

அடைத்துக்கொள்வதற்குக் காரணம் பலகை தட்டையாக இருப்பது. காற்றின் வேகம் நாக்கை முழுதாகப் படுக்கவைத்துவிடுகிறது, எழ வழியில்லை. காகிதத்தில் நுனிப் பாதியை மட்டும் மூன்று இழுப்பு இழுத்து ஊதிப் பாருங்கள். அதற்கு முன்னால் 350 நாக்கைப் போட்டுச் சோதியுங்கள். அதில் அடைப்பு நீங்கினால் பலகையைத் தொடாமலே விட்டுவிடலாம், 10 தௌவைவிட 14 தௌவின் விறைப்பு 2.7 மடங்கு. ஆனால் சுருதி ஏறும், ஊதவும் கூடுதல் மூச்சு கேட்கும்.

மூன்றாவதில் வளைவு கூடிவிட்டது. நாக்கு படிய வேண்டிய தூரம் அதிகம், அதனால் காற்று சத்தமாக மாறாமல் வெளியேறுகிறது. வளைவைக் குறைக்க, கண்ணாடிமேல் பலகை முழுவதையும் தட்டையாக வைத்து, உருட்டாமல் இழுங்கள். அடிப்பகுதி தேயத் தேய நுனி இடைவெளி சுருங்கும். மரம் மெலிவதால் நாக்கு இறங்கும், ஆப்பைக் கொஞ்சம் உயரமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

வியாசை_லேத்

மூணாவதுக்கு இன்னொண்ணும் பாரு. செருகு குழல்ல இறுக்கமா உக்காருதா? வெளிமுனை ஓட்டையை விரலால மூடிக்கிட்டு வாய்ப் பக்கம் ஊது. எங்கயும் காத்து கசியக் கூடாது. கசிஞ்சா பலகை தங்கமா இருந்தாலும் பாதி காத்துதான்.

வெளிமுனையைக் கொஞ்சம் அகலப்படுத்தினா சத்தம் கூடும், எதிரழுத்தம் குறையும். ஒரேயடியா பெருசாக்கிடாத. கடைசியில செய்யற வேலை அது.

புதுக்கடைசல்

முதலாவது ரெண்டு வெட்டு, மூலை சாய்ச்சது, குரல் திறந்துடுச்சு! ரெண்டாவது 350-ல அடைக்கல, ஆனா தலை சுத்துது. அதனால 250-க்கே திரும்பி நாலு இழுப்பு இழுத்தேன், சரியாச்சு. மூணாவது கசிவுதான், அண்ணன் சொன்ன மாதிரி. ரெட்டை நாக்கு போட்டா சுலபமா ஊதலாம்னு சொல்றாங்களே?

சுதிப்பெட்டி

சுலபம்தான். கரகரப்பு தானாகவே வரும், பதிலுக்கு உச்சத்தில் உரம் குறையும். 250-இல் இரண்டு, மேல்நாக்கு கீழ்நாக்கைவிட ஒன்றரை மில்லி குட்டை. இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அப்பளம் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் மேல்நாக்கின் நுனிப் பக்கமாக ஒரு சின்ன முத்து எழுப்ப வேண்டும். தடித்த ரப்பர்மேல் நாக்கை வைத்து, மழுங்கிய பால்பாயிண்ட் முனையால் துளை விழாமல் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கும். அந்தப் புடைப்பு கீழ்நாக்கைப் பார்த்து இருக்கட்டும். பலகையும் ஒற்றை நாக்கின் பலகையே செல்லாது, இரண்டின் விறைப்புக்கு வளைவு கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஒற்றை நாக்கு கைவசப்படும்வரை இதைத் தொடாதீர்கள் என்பேன்.

புதுக்கடைசல்

கடைசியா பாலிஷ். வாய் படற இடம், என்ன போடலாம்? இன்னொரு விஷயம், நேத்து மழைக்கப்புறம் முதலாவது ஊதலோட செருகு குழலை விட்டுக் கழலவே மாட்டேங்குது.

வியாசை_லேத்

முறுக்கி இழுக்காத, நாக்கும் ஆப்பும் உள்ள நசுங்கும். ஒரு டப்பாவுல அரிசியைப் போட்டு அதுக்குள்ள ஒரு நாள் வை, ஊறின மரம் சுருங்கும், அப்புறம் நேரா இழு. ஐப்பசி கார்த்திகையில கடலோரக் காத்துல எந்தக் கட்டையும் உப்பும். அதனால இனிமே, நான் முதல்ல சொன்ன மாதிரி தண்டை அச்சு அசலா இறுக்கமா கடையாத. கால் மில்லி லூஸா விட்டு, அடியில ஒரு சின்னக் காடி வெட்டி அதுல ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடு, பம்ப் ஸ்பேர் கடையில கிடைக்கும். ஓ-ரிங் பிடிக்கலைன்னா பருத்தி நூல்ல தேன்மெழுகு தடவி நெருக்கமா சுத்து. வெயில் காலத்துல ரெண்டு சுத்து கூட்டிக்கோ, மழைக் காலத்துல குறைச்சுக்கோ.

குழலுக்கு வெளிய காய்ச்சின ஆளிவிதை எண்ணெய் போடற பழக்கம் இருக்கு. கடையில வர்றதுல காய வைக்கிற உலோக உப்பு கலந்திருக்கும், வாய்ப்பக்கத்துக்கு அது வேணாம். சுத்தமான அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சு துணியால மூணு நாலு கை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்லாக் காயவிட்டு. தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுன்னு தூசி பிடிக்கும்.

ஆப்புக்காரர்

பலகைக்கு மட்டும் அரக்கு வேண்டாம், மூச்சின் ஈரத்தில் வெளுத்து நாக்கைப் பிடிக்கும். தண்ணீர் போல ஓடும் மெல்லிய சயனோ பசையை (சூப்பர் குளூ வகை) பஞ்சில் தொட்டு ஒரே ஒரு பூச்சு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. காய்ந்ததும் 600-இல் கண்ணாடிமேல் இரண்டு இழுப்பு, பூச்சின் மேடு போகும் அளவுக்கு மட்டும். பள்ளத்துக்குள் பசை சொட்டி உறைந்தால் குரல் மாறிவிடும், அதனால் பஞ்சில் சொட்டும் அளவு எடுக்காதீர்கள். பூச்சுக்குப் பின் நாக்கை அதே பேனாக் கோட்டில் வைத்து ஊதுங்கள். அரிசி டப்பாவிலிருந்து வந்த ஊதலுக்கும் முதல் வேலை அதுதான்: கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மூச்சை விடுங்கள்.